ஒரு மீனும் இரு பெயர்களும்

அரசர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் ஆர்வத்தோடு படிக்கிறோம். ஒரு மீனுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. மனிதன் அந்த மீனை எப்போது அறிந்தான், அதற்கு என்ன பெயரிட்டான், எங்கே வழி தவறினான், பின்னர் எவ்வாறு உண்மையை உணர்ந்தான் என்னும் செய்திகள் சேர்ந்ததே அவ்வரலாறு. வெப்பக் கடல்களின் பவளத் திட்டுகளில் வாழும் ஒரு வண்ண மீனின் வரலாற்றை இங்கே காண்போம். பெர்லின் நகரத்து மருத்துவர் ஒருவர் இதில் வருகிறார். தரங்கம்பாடியும், நிக்கோபார்த் தீவுகளும், எதிர்பாராத வகையில் நமது போத்தனூரும் கூட இதில் இடம் பெறுகின்றன.

இம்மீனை ஆங்கிலத்தில் ‘எம்பரர் ஏஞ்சல் ஃபிஷ்’ என்பர். விஞ்ஞான நூல்களில் இதன் பெயர் ‘போமகாந்தஸ் இம்பெராடர்’ என்பது. ‘இம்பெராடர்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குப் பேரரசன் என்று பொருள். ஆகவே, இப்பேச்சில் இதனைப் ‘பேரரச மீன்’ என்றே வழங்குவோம். மேற்கே செங்கடலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையும் தொடங்கி, இந்துமாக் கடலைக் கடந்து, பசிபிக் மாக்கடலின் நடுவிலுள்ள தீவுகள் வரையில் இது பரவியிருக்கிறது. வடக்கே ஜப்பானின் தென் பகுதியிலும், தெற்கே ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டிலும் இதனைக் காணலாம். நம் நாட்டில் அந்தமான்-நிக்கோபார்த் தீவுகள், இலட்சத்தீவுகள், மன்னார் வளைகுடா ஆகியவை இதன் உறைவிடங்கள்.

முதிர்ந்த பேரரச மீன் நாற்பது சென்டிமீட்டர் நீளம் வரை வளரும். பக்கவாட்டில் தட்டையான அதன் நீல உடலில், மஞ்சள் கோடுகள் தலைப்புறத்திலிருந்து வாலை நோக்கி, சற்றே மேல் நோக்கிச் சாய்ந்து ஓடும். கண்ணைச் சுற்றிலும் முகமூடி அணிந்தாற்போன்ற ஒரு கரும் பட்டை. அதன் விளிம்பில் மின்னும் நீலக் கோடு. வால் முழுதும் மஞ்சள். பட்டுச் சேலைக்குக் கரை வகுக்கும் நெசவாளரும் வியக்கத்தக்க ஒழுங்கு அது.

இதே மீனின் குஞ்சோ முற்றிலும் வேறு கோலம் உடையது. அதன் உடல் கருநீலம். மஞ்சளுக்கு அதில் இடமே இல்லை. வாலருகே வெண்மையான ஒரு சிறு வட்டம். அதைச் சுற்றி, குளத்தில் கல்லெறிந்தால் எழும் அலைகளைப் போல, வெள்ளையும் வெளிர்நீலமுமான வளைகோடுகள் ஒன்றன் புறத்தே ஒன்றாக விரிந்திருக்கும். ஒரு சாண் நீளத்தை எட்டும் முன்பே மாற்றம் தொடங்கிவிடுகிறது. வளைகோடுகள் மெல்ல மறைய, மஞ்சள் கோடுகள் தோன்றுகின்றன. அம்மாற்றம் முற்றுப்பெற மாதக்கணக்கில் ஆகும். குஞ்சையும் முதிர்ந்த மீனையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் இரண்டும் ஒரே இனம் என்று சொல்ல மாட்டார்கள். ஐரோப்பிய அறிஞர்களும் அவ்வாறு சொல்லவில்லை என்பதே நம் வரலாற்றின் மையம்.

பவளத் திட்டுகளின் வண்ண மீன்களை ஐரோப்பியர் முதலில் அறிந்தது படங்களின் வாயிலாகத்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று இந்தோனேசியாவில் உள்ள அம்பொய்னாத் தீவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக இருந்த சாமுவேல் ஃபலூர் என்பவர், அங்குக் கிடைத்த மீன்களை வண்ணப் படங்களாகத் தீட்டினார். ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பதிப்பாளர் லூயி ரெனார் அவற்றைத் தொகுத்து 1719இல் நூலாக வெளியிட்டார். அந்நூலில் 460 படங்கள் இருந்தன. ஆனால், கண்டதைக் கண்டவாறு தீட்டும் கட்டுப்பாடு ஃபலூருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மீன்களுக்கு இல்லாத வண்ணங்களையும் அவர் ஏற்றினார். இறுதியில் ஒரு கடற்கன்னியின் படத்தையும் சேர்த்தார். ஆகவே, இத்தகைய மீன்கள் உண்மையில் உள்ளனவா, ஓவியரின் கற்பனையா என்னும் ஐயம் படித்தவர்களிடையே எழுந்ததில் வியப்பில்லை. ஐயத்தைப் போக்க மீன்களே கப்பலேறி வரவேண்டியிருந்தது.

அவ்வாறு வந்த மீன்களை வரவேற்றவர் மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்னும் பெர்லின் நகரத்து மருத்துவர். ஏழை யூதக் குடும்பத்தில் 1723இல் பிறந்த இவர், இளமையில் எபிரேய மொழி நூல்களை மட்டுமே பயின்றவர். வயது வந்த பின்னரே முயன்று ஜெர்மன் மொழியையும் இலத்தீனையும் கற்று, மருத்துவராகி, ஐம்பது வயதைக் கடந்த பிறகு மீன்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1782 முதல் 1795 வரை பன்னிரண்டு பாகங்களாக, 432 வண்ணப் படங்களோடு வெளிவந்த அவரது நூல் மீனியலுக்கு ஓர் அடிக்கல் எனலாம். பிறமொழி கற்று அதிலேயே பெருநூல் செய்த அவரது உழைப்பு, மொழிபெயர்ப்புத் தொழிலில் ஈடுபட்ட நம் போன்றோரின் வணக்கத்திற்கு உரியது.

பிளாக்குக்கு வெளிநாட்டு மீன்களை அனுப்பி உதவியவர்களுள் முக்கியமானவர் தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்னும் பாதிரியார். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டேனியரின் ஆட்சியில் இருந்தது. 1771இல் அங்கு வந்து சேர்ந்த ஜான், 1813இல் அங்கேயே மறைந்தார். சமயப் பணிக்கிடையே சிப்பிகளையும் மீன்களையும் சேர்ப்பது அவரது வழக்கம். கரையில் வந்திறங்கிய மீன்களைச் சாராயத்தில் இட்டு, மீனவர் வழங்கிய தமிழ்ப் பெயர்களையும் குறித்து, பெர்லினுக்கு அனுப்பி வைத்தார். அந்நன்றியை மறவாத பிளாக், 1793இல் கத்தாளை மீன்களின் ஒரு பிரிவுக்கு ‘ஜானியஸ்’ என்று ஜானின் பெயரையே சூட்டினார். அப்பிரிவிலுள்ள ஒரு மீனுக்கு ‘ஜானியஸ் கருத்தா’ என்பது பெயர். இந்தக் ‘கருத்தா’ இலத்தீன் அன்று. தரங்கம்பாடி மீனவர் சொன்ன ‘கறுத்த கத்தாளை’ என்னும் தமிழே அவ்வாறு இலத்தீன் உடை அணிந்து நிற்கிறது. உலகெங்கும் உள்ள மீனியலார் இன்றும் அப்பெயரை எழுதும்போது, பெயர் தெரியாத ஒரு தமிழ் மீனவரின் சொல்லையே எழுதுகின்றனர்.

நமது பேரரச மீனுக்கும் பிளாக்கே பெயரிட்டார். 1787இல் அவர் அதனைக் ‘கீட்டோடான் இம்பெராடர்’ என்று வருணித்தார். அவர் கண்டது மஞ்சள் கோடுகள் ஓடும் முதிர்ந்த மீன். 1799இல் பிளாக் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளை யோஹான் காட்லோப் ஷ்னைடர் என்னும் அறிஞர் செப்பனிட்டு, 1801இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். அதில் ‘கீட்டோடான் நிக்கோபாரியென்சிஸ்’ என்று மற்றொரு மீன் இடம்பெற்றது. நிக்கோபார்த் தீவுகளுக்கு உரியது என்பது அதன் பொருள். அத்தீவுகளின் மீது டேனியர் 1756 முதல் உரிமை கொண்டாடி வந்தனர். 1868இல்தான் ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்தனர். நிக்கோபாரின் பெயரைத் தாங்கிய அந்த மீன் எது? கருநீல உடலில் வெள்ளை வளைகோடுகள் உடைய பேரரச மீனின் குஞ்சேதான். அடுத்து 1802இல் பிரெஞ்சு அறிஞர் லாசெபேத் அதே குஞ்சுக்குக் ‘ஜியோமெட்ரிகஸ்’ என்று மூன்றாவதாக ஒரு பெயரையும் தந்தார். வட்டங்களின் ஒழுங்கு அவருக்குக் க்ஷேத்திர கணிதத்தை நினைவூட்டியது போலும்.

இவ்வாறு ஒரே உயிர் நூல்களில் வெவ்வேறு உயிர்களாகப் பிரிந்தது. தந்தை ஓர் இனம், மகன் வேறோர் இனம் என்றாயிற்று. இப்பிழைக்கு அவ்வறிஞர்களின் கவனக்குறைவு காரணமன்று. அவர்கள் கண்ணுக்கு எட்டியவை சாராயச் சீசாவில் மிதந்த உடல்களும், உலர்த்திய தோல்களுமே. சாராயத்தில் வண்ணம் வெளுத்துவிடும். இறந்த உடல், தான் எங்கே வாழ்ந்தது, என்ன உண்டது, எவ்வாறு வளர்ந்தது என்பவற்றைச் சொல்லாது. நம் ஊரில் அரைக்கால் சட்டையோடு ஓடிய சிறுவனை, இருபது ஆண்டுகள் கழித்துப் பம்பாய் ரயில் நிலையத்தில் மீசையும் கோட்டுமாகக் கண்டால், நாமும் அடையாளம் தெரியாமல் திகைக்கிறோம் அல்லவா? இடையிலுள்ள ஆண்டுகளை உடனிருந்து கண்டவர்களுக்கு அத்திகைப்பு நேர்வதில்லை. பேரரச மீனின் இடைப்பட்ட பருவத்தை ஐரோப்பாவில் எவரும் கண்டதில்லை.

பின்னர், பாதி வட்டமும் பாதிக் கோடுமாக இருந்த இடைப்பருவ மீன்கள் கிடைத்தன. கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்த குஞ்சுகளும் கண்ணெதிரே உடை மாற்றின. இரண்டும் ஒன்றே என்னும் உண்மை இவ்வாறு நிலைபெற்றது. ஓர் உயிருக்குப் பல பெயர்கள் இடப்பட்டிருந்தால் முதலில் இட்ட பெயரே நிற்கும் என்பது விலங்கியலின் பொது விதி. அதன்படி 1787இன் ‘இம்பெராடர்’ நிலைத்தது. 1801இன் ‘நிக்கோபாரியென்சிஸ்’ மாற்றுப் பெயர்களின் பட்டியலுக்குள் ஒதுங்கியது. நம் தீவின் பெயர் உலக வழக்கிலிருந்து மறைந்தது குறித்துச் சிறிது வருத்தம் தோன்றலாம். ஆனால், அப்பெயர் மறைந்ததற்குக் காரணம் உண்மை வெளிப்பட்டது என்பதையும் எண்ணி அமைதி பெறலாம்.

நீருக்கடியில் மூச்சுவிட உதவும் கருவியைப் பிரான்சு நாட்டின் கூஸ்தோவும் காஞானும் 1943இல் உருவாக்கிய பிறகு, மனிதன் மீனை அதன் வீட்டிலேயே சென்று காணும் காலம் பிறந்தது. அவ்வாறு கண்டு அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம்.

முதிர்ந்த பேரரச மீன், பவளம் செழித்து வளரும் இடங்களில், சில அடி ஆழம் முதல் ஏறத்தாழ முந்நூறு அடி ஆழம் வரையில் வாழ்கிறது. பாறைகளில் ஒட்டி வளரும் கடற்பஞ்சுகளே அதன் முக்கிய உணவு. பிற மீன்கள் பெரிதும் விரும்பாத உணவு அது. ‘போமகாந்தஸ்’ என்னும் கிரேக்கப் பெயர், செவுள் மூடியருகே முள் உடையது என்று பொருள்படும். இம்முள்ளே ‘ஏஞ்சல்’ மீன்களை, அவற்றின் உறவினரான வண்ணத்துப்பூச்சி மீன்களிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். அச்சுறுத்தப்பட்டால் பேரரச மீன் தாழ்ந்த குரலில் தட்டுவது போன்ற ஓர் ஒலியை எழுப்பும். அந்தி வேளையில் ஆணும் பெண்ணும் மேல் நோக்கி நீந்தி முட்டைகளை நீரில் விடுகின்றன. மிதக்கும் அம்முட்டைகள் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கின்றன. மிகச் சிறிய இளவுயிர்கள் சில வாரங்கள் நீரோட்டத்தோடு அலைந்து, உயிர் பிழைத்தவை ஏதேனும் ஒரு திட்டில் வந்து இறங்குகின்றன. பாறையின் விளிம்புகளுக்கு அடியிலும் பொந்துகளிலும் தனித்து ஒளிந்து வளர்வது குஞ்சின் இயல்பு.

குஞ்சுக்கு ஏன் வேறு உடை? முதிர்ந்த மீன் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக் கொண்டு, அதனுள் தன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு மீன் நுழைந்தால் விரட்டும். கோடுகளைக் கண்டே அது தன் போட்டியாளனை அறிகிறது. குஞ்சும் அதே கோடுகளோடு பிறந்தால் இருக்க இடமின்றித் துரத்தப்படும். வட்டங்கள் அணிந்திருப்பதால் அது போட்டியாளனாகத் தோன்றுவதில்லை. பெரியவற்றின் எல்லைக்குள்ளேயே அச்சமின்றி வளர முடிகிறது. ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் ஃப்ரிக்கே 1980இல் வெளியிட்ட ஆய்வில் இக்கருத்தை விளக்கினார். பெர்லின் அறிஞர்களை ஏமாற்றிய அதே உடை, கடலில் முதிய மீன்களையும் ஏமாற்றிக் குஞ்சின் உயிரைக் காக்கிறது!

கோடுகள் எவ்வாறு உண்டாகின்றன என்னும் கேள்விக்கு விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. கணித மேதை ஆலன் டூரிங் 1952இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெவ்வேறு வேகத்தில் பரவி, ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் செயல்படும் இரு பொருள்கள் இருந்தால், அவை தாமாகவே புள்ளிகளையும் கோடுகளையும் வகுக்கும் என்று அவர் கணக்கினால் காட்டினார். டூரிங்கின் தந்தை சென்னை மாகாணத்தில் அரசு அதிகாரியாக இருந்தவர்; தாயார் ஈதல் சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர்; தாய்வழிப் பாட்டனார் சென்னை ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். டூரிங் 1954இல் மறைந்தார். அவரது கணக்கு உயிருள்ள உடலில் உண்மையா என்பதை அவர் காணவில்லை.

1995இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஷிகேரு கோண்டோவும் ரிஹிதோ அசாயும் அதற்குச் சான்று தேடியது நமது பேரரச மீனிடத்திலேயே. மீன் வளரும்போது அதன் கோடுகள் அகலமாவதில்லை, எண்ணிக்கையில் பெருகுகின்றன. ஒரு கோடு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, அப்பிளவு நாளடைவில் நகர்ந்து, முழுதும் இரு கோடுகளாகிவிடுகிறது. டூரிங்கின் கணக்கு எதிர்பார்த்ததும் இதுவே. மீனின் தோலில் உள்ள வண்ணம் ஒருமுறை தீட்டிய ஓவியம் அன்று; நாள்தோறும் புதிதாக நெய்யப்படும் ஆடை என்பது இதனால் விளங்கிற்று. உயிருள்ள மீனைப் பல நாட்கள் தொடர்ந்து கண்டவர்களுக்கே இது புலப்பட்டது. எத்தனை சீசாக்களை அடுக்கி வைத்தாலும் இதனை அறிந்திருக்க இயலாது.

ஆக, பெயரிட்ட 1787ஆம் ஆண்டிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, மனிதன் இந்த ஒரு மீனை ஓரளவு அறிந்துகொண்டான். அறிந்த இவ்வேளையில் அதன் வீடு நலிந்து வருகிறது. தென்பாண்டிக் கரையில் முருகைக்கல் என வழங்கும் பவளம், கோடிக்கணக்கான நுண்ணிய உயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய சுண்ணாம்பு மாளிகை. அவ்வுயிர்களின் உடலில் தங்கி வாழும் நுண்பாசிகளே அவற்றுக்கு உணவும் வண்ணமும் தருகின்றன. கடல் நீரின் வெப்பம் வழக்கத்திற்கு மேல் உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், பாசிகள் நீங்கிவிடும், பவளம் வெளுக்கும், வெப்பம் தணியாவிடில் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இலட்சத்தீவுகள், அந்தமான், மன்னார் வளைகுடா ஆகிய இடங்களில் இவ்வாறு நேர்ந்தது. உலகின் பல கடல்களில் ஒருசேரப் பவளம் வெளுப்பதாக 2024இல் மீண்டும் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டில் இலட்சத்தீவுகளும் தப்பவில்லை. 2004 டிசம்பரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் வட அந்தமான் கரையோரம் உயர்ந்து, பவளத் திட்டுகள் நீருக்கு மேல் வந்து மடிந்தன. நிக்கோபார்த் தீவுகளோ தாழ்ந்தன. இயற்கையின் இச்செயலை மனிதன் தடுக்க இயலாது. பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டுவதையும், கடல் நீரை மாசுபடுத்துவதையும், காற்றைச் சூடேற்றும் புகையைப் பெருக்குவதையும் தடுப்பது மனிதன் கையில் உள்ளது.

நம் நாட்டில் இதற்கான முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1983இல் அந்தமானின் வாண்டூரிலும், 1986இல் மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளைச் சூழ்ந்தும் கடல்சார் தேசியப் பூங்காக்கள் அமைக்கப்பட்டன. திட்டுகளைக் கட்டும் பவள உயிர்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு பவளத்திற்கும் கிடைத்தது என்பது இதன் பொருள்.

கடலைக் காணாத தில்லியிலோ நாகபுரியிலோ வாழும் நமக்கு இதில் என்ன பங்கு என்று சிலர் கேட்கலாம். வண்ண மீன்களை விற்கும் கடைகள் இன்று எல்லா நகரங்களிலும் உள்ளன. கருநீல உடலில் வெள்ளை வட்டங்கள் உள்ள சிறு மீன் ஒன்றை அங்குக் கண்டால், அது வளர்ந்தபின் எந்த உடை அணியும், அதற்கு எவ்வளவு பெரிய இடமும் எத்தகைய உணவும் வேண்டும் என்பவற்றை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். வீட்டுத் தொட்டியில் அது நெடுநாள் வாழ்வது அரிது என்பதையும் சொல்லலாம். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, மண்டபம், இராமேசுவரம் கரைகளில் முருகைக்கல்லைப் பற்றி மீனவர்களைக் கேட்டறியலாம். தரங்கம்பாடி மீனவர் ஒருவர் சொன்ன சொல் பெர்லின் வரை சென்று நிலைத்தது. கடலோடு வாழ்வோர் அறிந்திருப்பதில் இன்னும் நாம் கேட்டறியாதது மிகுதி.

பிளாக் சேர்த்த மீன்கள் பெர்லின் அருங்காட்சியகத்தில் வண்ணம் இழந்து இன்றும் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்களுக்கு அவை அரிய செல்வம். ஆயினும், ஒரு குஞ்சு வட்டங்களைக் களைந்து கோடுகளை அணியும் காட்சியை அங்குக் காண முடியாது. அது நிக்கோபாரிலும் இலட்சத்தீவுகளிலும் மன்னார் வளைகுடாவிலும், உயிருள்ள பவளத்தின் நிழலில் நிகழும். பேரரச மீனின் வரலாறு மேலும் எழுதப்பட வேண்டுமானால், அந்தப் பவளம் அங்கே இருக்க வேண்டும்.